மார்பைத் திறக்காத இதயச் சிகிச்சை: துளை சிறிது, பொறுப்பு பெரிது

சிங்கம்புணரியிலிருந்து கொட்டாம்பட்டி, மேலூர் வழியாக மதுரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். சாலை சீராக இருந்தாலும் ஆம்புலன்ஸில் ஒரு மணி நேரம் ஆகலாம். கடைவீதிக்கோ உறவினர் வீட்டுத் திருமணத்திற்கோ செல்பவருக்கு இந்தத் தொலைவு பெரிதன்று. இதயத் தமனி திடீரென அடைபட்ட ஒருவருக்கோ, இச்சாலையில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் ஒரு பகுதியை இழக்கச் செய்யும் நிமிடமாகும்.

மார்பெலும்பைப் பிளக்காமல், மணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ இடும் ஒரு சிறு துளையின் வழியாகவே பல இதய அடைப்புகளை இன்று நீக்க முடிகிறது. நோயாளி விழித்திருக்கும்போதே சிகிச்சை முடிந்துவிடுகிறது. சில நாட்களில் அவர் வீடு திரும்புகிறார். தையலும் இல்லை, தழும்பும் இல்லை. இந்த எளிமையே சில குடும்பங்களைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்கிறது. "சிறிய துளைதான் போட்டார்கள், நோயும் சிறியதாகத்தான் இருந்திருக்கும்" என்று அவர்கள் எண்ணிவிடுகிறார்கள். சிகிச்சைக்கு முன் வந்து சேர்வதில் ஏற்படும் தாமதமும், சிகிச்சைக்குப் பின் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவதும் இச்சிகிச்சையின் பயனைக் குலைக்கும் இரு பெருந்தவறுகள். இவ்விரண்டையும் தடுக்கும் ஆற்றல் மருத்துவரைவிட நோயாளியிடமும் குடும்பத்தாரிடமுமே மிகுதியாக உள்ளது.

குழாய்க்குள் நிகழ்வது என்ன?

இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஓய்வின்றி உழைக்கும் அத்தசைக்கு இரத்தம் கொண்டு செல்பவை இதயத் தமனிகள். அவற்றின் முக்கியக் கிளைகளின் உள்விட்டம் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரையே இருக்கும். புகைப்பழக்கம், சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், மிகுந்த கொழுப்பு ஆகியவற்றால் இக்குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிவு உருவாகிறது. பல ஆண்டுகள் மெல்ல வளர்ந்து, குழாயைக் குறுகச் செய்கிறது.

படிவு மெதுவாக வளரும்போது, மாடிப்படி ஏறினாலோ வேகமாக நடந்தாலோ மார்பில் இறுக்கம் தோன்றி, நின்றால் தணிகிறது. இதனை நிலையான மார்வலி என்பர். அப்படிவு திடீரென வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து குழாயை முழுவதுமாக அடைத்துக்கொண்டால் அது மாரடைப்பு. இரண்டும் ஒரே நோயின் இரு நிலைகளே. ஆனால் முன்னதில் சிந்திப்பதற்கு நேரம் உண்டு, பின்னதில் இல்லை.

சமையலறையில் உருவான பலூன்

அறுவையின்றிக் குழாயடைப்பை நீக்கும் வழி முதலில் இதயத்தில் தோன்றவில்லை, காலில்தான் தோன்றியது. 1964 ஜனவரி 16 அன்று, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், 82 வயது மூதாட்டி ஒருவரின் காலில் இரத்த ஓட்டம் குன்றி விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தன. காலை அகற்றவேண்டும் என்றனர் அறுவை மருத்துவர்கள். மூதாட்டி மறுத்துவிட்டார். சார்லஸ் டாட்டர் என்னும் மருத்துவர், தொடைத் தமனியின் குறுகிய பகுதிக்குள் மெல்லிய குழல்களைச் செலுத்தி அதனை விரித்தார். குளிர்ந்திருந்த கால் வெதுவெதுப்படைந்தது. மூதாட்டி தம் காலுடனேயே எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார்.

இம்முறையை இதயத்திற்குக் கொண்டு சென்றவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக். சூரிச் நகரிலிருந்த தம் வீட்டுச் சமையலறை மேசையில் சிறு பலூன்களை வடிவமைத்துப் பார்த்து, 1977 செப்டம்பர் 16 அன்று 38 வயது நோயாளி ஒருவரின் இதயத் தமனியைப் பலூனால் விரித்தார். நோயாளி விழித்தபடியே இருந்தார்.

இந்தியாவிற்கு இச்சிகிச்சை வந்து சேர அதிக காலம் ஆகவில்லை. குருன்ட்சிக்கிடம் பயின்ற டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல், 1986இல் சென்னை அப்போலோ மருத்துவமனையில் இந்தியாவின் முதல் இதய ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தார். நாடெங்கும் இளம் மருத்துவர்கள் பலருக்கு அவர் இதனைக் கற்பித்தார். 2025 ஏப்ரலில் அவர் மறைந்தபோது, அவர் தொடங்கிவைத்த சிகிச்சை மாவட்டத் தலைநகரங்கள் வரை பரவியிருந்தது.

பலூனால் மட்டும் விரித்த குழாய்கள் சிலருக்கு மீண்டும் குறுகின. அதனைத் தடுக்க, 1986இல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழல் முதன்முதலாக இதயத் தமனிக்குள் பொருத்தப்பட்டது. 2000க்குப் பின், திசு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து பூசிய ஸ்டென்ட்கள் நடைமுறைக்கு வந்தன. இன்று பெரும்பாலும் பயன்படுபவை இவையே.

சிகிச்சைக் கூடத்தில் நடப்பது

'கேத் லேப்' என்று மருத்துவமனையில் அழைக்கப்படும் கூடத்தில் முதலில் ஆஞ்சியோகிராம் எடுக்கப்படுகிறது. மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டு, தமனிக்குள் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் பருமனுள்ள குழலைச் செலுத்துவர். குழாயின் உட்புறத்தில் வலியுணர்வு இல்லை. எனவே குழல் நகர்வது பொதுவாகத் தெரிவதில்லை. இதயத் தமனியின் வாயை அடைந்ததும், எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய சாயமருந்து செலுத்தப்படும். அடைப்பு எங்கே, எவ்வளவு என்பது அசையும் படமாகத் திரையில் தெரியும்.

ஸ்டென்ட் தேவையெனில், தலைமுடியளவு மெல்லிய கம்பி ஒன்று அடைப்பைக் கடந்து செல்லும். அக்கம்பியின் மேல், சுருங்கிய பலூனும் அதனைச் சுற்றிய ஸ்டென்டும் சென்று சேரும். பலூனை 10 வளிமண்டலத்திற்கும் மேற்பட்ட அழுத்தத்தில் விரிப்பர். இது கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைவிடப் பல மடங்கு மிகுதி. அந்தச் சில விநாடிகளில் மார்பில் இறுக்கம் தோன்றினால் அஞ்சவேண்டாம். மருத்துவரிடம் சொன்னால் போதும். பலூன் சுருக்கப்பட்டு வெளியே எடுக்கப்படும். ஸ்டென்ட் சுவரோடு பதிந்து அங்கேயே தங்கும்.

மணிக்கட்டு வழியை ஆஞ்சியோகிராமுக்கு 1989இல் கனடாவிலும், ஆஞ்சியோபிளாஸ்டிக்கு 1992இல் நெதர்லாந்திலும் தொடங்கினர். தொடைவழியைவிட இதில் இரத்தக்கசிவு குறைவு. நோயாளி விரைவில் எழுந்து நடமாடலாம். ஆயினும் எல்லோருக்கும் மணிக்கட்டுத் தமனி பொருந்துவதில்லை. தொடைவழி தேர்ந்தெடுக்கப்பட்டால், காலை மடக்காமல் சில மணி நேரம் படுத்திருத்தல் கட்டாயம்.

சிகிச்சைக்கு முன் நீங்கள் தவறாமல் தெரிவிக்கவேண்டியவை: சிறுநீரகக் கோளாறு, முன்பு ஏதேனும் மருந்தினால் ஏற்பட்ட ஒவ்வாமை, உட்கொள்ளும் சர்க்கரை மாத்திரைகளின் பெயர், அண்மையில் ஏற்பட்ட இரத்தக்கசிவு, விரைவில் செய்யவேண்டியுள்ள வேறு அறுவை. சாயமருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் கிரியாட்டினின் அளவு பார்க்கப்படுகிறது. சிறிய துளையாயினும் இரத்தக்கசிவு, பக்கவாதம், மாரடைப்பு போன்ற இடர்கள் அரிதாக நேரலாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இவற்றைக் கேட்டுத் தெளிவது உங்கள் உரிமை.

காலிலும் வால்வுகளிலும்

இதே குழல்வழிச் சிகிச்சை உடலின் பிற இடங்களுக்கும் பயன்படுகிறது. சிறிது தூரம் நடந்ததும் ஆடுசதையில் வலி எடுத்து, நின்றால் தணிகிறதா? அது கால் தமனி அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். வயது காரணமென்று எண்ணி விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண் இருப்பின், காலின் இரத்த ஓட்டத்தையும் சோதிக்கவேண்டும். உரிய காலத்தில் பலூன் சிகிச்சை அளித்தால் காலை இழப்பதைப் பலருக்குத் தவிர்க்கலாம்.

இளமையில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் குறுகிய மைட்ரல் வால்வைப் பலூனால் விரிக்கும் முறையை ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே 1980களில் உருவாக்கினார். நம் நாட்டில் இளம்பெண்கள் பலர் இதனால் பயனடைந்துள்ளனர். முதுமையில் கடினமாகிவிட்ட பெருந்தமனி வால்வினுள் புதிய வால்வைக் குழல் வழியாகவே பொருத்தும் முறையை, பிரான்சின் ரூவான் நகரில் அலென் கிரிபியே 2002 ஏப்ரல் 16 அன்று முதன்முதலில் செய்து காட்டினார்.

அறுபது கிலோமீட்டரும் நூற்றிருபது நிமிடமும்

இனி, நம் ஊருக்கு வருவோம். அதிகாலை நான்கு மணிக்குச் சிங்கம்புணரியில் ஒருவருக்கு நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தாற்போன்ற வலி தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வியர்க்கிறது, வலி இடக்கைக்கும் தாடைக்கும் பரவுகிறது. வீட்டார் பலர் முதலில் நினைப்பது வாயுத்தொல்லை. இஞ்சிச் சாறும் சோடாவும் கொடுத்துப் பார்க்கிறார்கள். விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் கழிகிறது. மதுரைச் சாலையில் செல்லும் நேரத்தைவிட, வீட்டுத் திண்ணையில் கழியும் இந்த நேரமே பெரும்பாலும் நீளமானது.

மாரடைப்பு உறுதியான பின் 120 நிமிடங்களுக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய இயலுமானால், அதுவே சிறந்த சிகிச்சை. இயலாது எனத் தெரிந்தால், அருகிலுள்ள மருத்துவமனையிலேயே இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தாமதமின்றிப் போட்டு, அதன்பின் கேத் லேப் உள்ள மருத்துவமனைக்கு அனுப்பி, 24 மணி நேரத்திற்குள் ஆஞ்சியோகிராம் செய்யவேண்டும். ஊசி போட்டும் அடைப்பு திறக்கவில்லையெனில் உடனடியாக ஆஞ்சியோபிளாஸ்டி தேவைப்படும்.

சிற்றூர் மருத்துவமனைகளையும் பெருமருத்துவமனைகளையும் இவ்வாறு ஒன்றோடொன்று பிணைப்பது நடைமுறையில் பலன் தருமா என்பதைத் தமிழ்நாடே ஆராய்ந்து பார்த்தது. 2012 முதல் 2014 வரை நடந்த அந்த ஆய்வில் 2,420 மாரடைப்பு நோயாளிகள் இடம்பெற்றனர். பிணைப்புக்கு முன் 35 விழுக்காட்டினருக்கே ஆஞ்சியோகிராம் கிடைத்தது. பின்னர் அது ஏறத்தாழ 61 விழுக்காடாக உயர்ந்தது. ஓராண்டுக்குள் நேர்ந்த இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது. 2017இல் வெளியான இம்முடிவுகள், இருக்கும் வசதிகளை நேரத்தோடு இணைத்தால் உயிர்களைக் காக்க முடியும் என்பதை உணர்த்தின.

2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணைச் சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகள் மாரடைப்பின் முதலுதவி அளவில் வைக்கப்பட்டுள்ளன. அங்குள்ளோர் ஆய்ந்து கொடுத்த பின்னரே இவற்றை உட்கொள்ளவேண்டும். பக்கத்து வீட்டார் வைத்திருக்கும் மாத்திரையை வாங்கி விழுங்குதல் ஆகாது.

எனவே வீட்டில் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ளவேண்டியவை:

• நெஞ்சில் பாரம், இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் உடனே 108ஐ அழையுங்கள். நோயாளியை இருசக்கர வாகனத்தில் அமர்த்திச் செல்லாதீர்கள்.

• சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியோர் ஆகியோருக்கு வலியே இன்றி மூச்சிரைப்பு, மயக்கம், காரணமற்ற சோர்வு என்று மாரடைப்பு வரலாம்.

• முதலில் எட்டக்கூடிய மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுக்கவேண்டும். மருத்துவமனைக்குள் நுழைந்த 10 நிமிடங்களுக்குள் அது எடுக்கப்படுவதே முறை. "நெஞ்சுவலி" என்னும் சொல்லை வாயிலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்.

• வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்து மருத்துவரிடம் கூறுங்கள். சிகிச்சையைத் தீர்மானிப்பதில் அதற்கு முக்கிய இடமுண்டு.

எல்லா அடைப்பிற்கும் ஸ்டென்ட் வேண்டுமா?

வேண்டியதில்லை. மாரடைப்பின்போது ஆஞ்சியோபிளாஸ்டி உயிர் காக்கும். ஆனால் நிலையான மார்வலி உள்ளவர்களின் நிலை வேறு. 37 நாடுகளில் 5,179 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வில், தொடக்கத்திலேயே ஸ்டென்டோ பைபாஸோ செய்துகொண்டவர்களுக்கும், மருந்துகளுடன் தொடங்கியவர்களுக்கும் இடையே இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மார்வலி அடிக்கடி வந்தவர்களுக்கு அது தணிவதில் மட்டும் ஸ்டென்ட், பைபாஸ் சிகிச்சைகள் கூடுதல் பயன் அளித்தன. இடப்பக்க முதன்மைத் தமனியில் பெரிய அடைப்பு உள்ளவர்கள், இதயத்தின் ஆற்றல் மிகக் குன்றியவர்கள் போன்றோர் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

அதேபோல், துளைவழிச் சிகிச்சை எப்போதும் அறுவையைவிட மேலானது என்று கருதுவதும் தவறு. சர்க்கரை நோயுடன் பல தமனிகளில் அடைப்பும் உள்ளவர்களுக்கு, ஸ்டென்டைவிட பைபாஸ் அறுவையே நீண்டகாலப் பயன் தருவதாக 2012இல் வெளியான 'ஃப்ரீடம்' ஆய்வு காட்டியது. மார்பைத் திறக்கவேண்டும் என்று மருத்துவர் கூறினால், அது பழைய முறை என்று அஞ்சி ஒதுக்காமல் காரணத்தைக் கேளுங்கள். அவசரம் இல்லாத நிலையில் இரண்டாம் மருத்துவரின் கருத்தைப் பெறுவதில் எவரும் வருந்தமாட்டார்கள்.

வீடு திரும்பிய பின்

ஸ்டென்ட் குழாயைத் திறந்து வைக்கிறது, நோயைக் குணப்படுத்துவதில்லை. பிற குழாய்களில் உள்ள படிவுகள் அப்படியே இருக்கின்றன. மேலும், புதிதாகப் பொருத்திய உலோக வலையின்மேல் உட்தோல் படர மாதங்கள் ஆகும். அதுவரை இரத்தம் அதில் உறையாமல் காப்பவை ஆஸ்பிரினும், அதனுடன் தரப்படும் குளோபிடோகிரெல் அல்லது டிகாக்ரெலார் போன்ற இரண்டாம் மாத்திரையும். இவற்றை இடையில் நிறுத்தினால் ஸ்டென்டே திடீரென அடைபட்டுப் பெரிய மாரடைப்பு நேரலாம்.

மாரடைப்பிற்குப் பின் ஸ்டென்ட் பொருத்தியவர்களுக்கு இவ்விரு மாத்திரைகளும் வழக்கமாக ஓராண்டு தரப்படும். இரத்தக்கசிவு இடர் மிகுந்தவர்களுக்குக் காலம் குறைக்கப்படலாம். அதனை முடிவு செய்பவர் இதய மருத்துவரே. பல் பிடுங்கவோ வேறு அறுவை செய்யவோ நேர்ந்தால், "ஸ்டென்ட் வைத்துள்ளேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். இதய மருத்துவரைக் கலக்காமல் ஒரு நாள்கூட மாத்திரையை விடாதீர்கள். கோவில் திருவிழா, வெளியூர்ப் பயணம், துக்க வீடு என எங்குச் சென்றாலும் மாத்திரை உடன் வரட்டும். வெறும் வயிற்றில் மருந்தைத் தவிர்க்கும் விரத நாட்களைப் பற்றியும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

துளையிட்ட கையால் சில நாட்கள் கனமான பொருட்களைத் தூக்கவேண்டாம். தண்ணீர்க் குடமோ, நெல் மூட்டையோ, கயிற்றுக் கட்டோ பிறர் தூக்கட்டும். துளையில் இரத்தம் கசிந்தால் அவ்விடத்தை விரலால் அழுத்திப் பிடித்தபடி உதவி நாடுங்கள். வீக்கம் பெரிதானாலோ, கை குளிர்ந்து நிறம் மாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வாருங்கள்.

கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். அளவு 70 மில்லிகிராமுக்கும் கீழே, பலருக்கு 55க்கும் கீழே இருக்கவேண்டும். இதற்கான மாத்திரை நீண்டகாலம் தொடரவேண்டியது. பீடி, சிகரெட், புகையிலை சேர்த்த வெற்றிலை ஆகியவற்றை அடியோடு விடவேண்டும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. செட்டிநாட்டுச் சமையலுக்குப் புகழ்பெற்ற நம் பகுதியில் குழம்பின் உப்பைவிட ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு ஆகியவற்றின் வழியாகவே உப்பு அறியாமல் கூடிவிடுகிறது. பலகாரம் சுட்ட எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சிப் பயன்படுத்துவதையும் தவிருங்கள். மருத்துவர் அனுமதித்த பின் நாள்தோறும் அரைமணி நேர நடை நல்லது.

செலவைப் பற்றி

தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆஞ்சியோபிளாஸ்டியும் பைபாஸ் அறுவையும் அடங்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் இதில் சேரலாம். அவசர வேளையில் தேடாதபடி காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, பழைய இ.சி.ஜி., மருந்துச் சீட்டு ஆகியவற்றை ஒரே உறையில் வைத்திருங்கள்.

ஸ்டென்டின் உச்ச விலையை மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையம் 2017 பிப்ரவரியில் முதன்முறையாக வரையறுத்தது. அப்போது வெற்று உலோக ஸ்டென்டிற்கு 7,260 ரூபாயும், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாயும் நிர்ணயிக்கப்பட்டன. பின்னர் அவ்வப்போது அவை திருத்தப்படுகின்றன. ஸ்டென்டின் பெயரும் விலையும் கட்டண ரசீதில் தனியே குறிக்கப்படவேண்டும். அதனைக் கேட்டுப் பெற்று, ஸ்டென்ட் அட்டையுடன் பத்திரப்படுத்துங்கள்.

மூன்று நாளில் வீடு திரும்பியவருக்கு அடுத்த ஓராண்டே உண்மையான சிகிச்சைக் காலம். துளையிடுவதும் ஸ்டென்ட் பொருத்துவதும் மருத்துவரின் ஒரு மணி நேரப் பணி. நெஞ்சு கனத்த அந்த அதிகாலையில் காத்திராமல் 108ஐ அழைப்பதும், இரவு உணவிற்குப் பின் "மாத்திரை போட்டாயிற்றா?" என்று நாள்தோறும் கேட்பதும் வீட்டாரின் பணி. இன்று இரவே அந்தக் கேள்வியைக் கேட்டுத் தொடங்குங்கள்.